பிரம்பும் தூரிகையும்: வரைந்துகொண்டே கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு

"படம் வரைந்து பிழைக்க முடியுமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது என் வீட்டுக்கு வருகிறார்கள். பாதிப் பேர் கலைக் கல்லூரியில் டிப்ளோமா முடித்த பிள்ளைகள். மீதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்து, காட்சிக்கலைப் பாடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் இளம் ஆசிரியர்கள். இருவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் 1980-இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2018-இல் ஓய்வு பெற்றேன். அந்த 38 ஆண்டுகளும், அதற்கு அப்புறமும், நீர்வண்ணம் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் வீட்டுக் கீழ் அறையில் வகுப்பு நடக்கிறது. இரண்டையும் சேர்த்து நடத்திப் போவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதில் ஓர் ஆபத்து உண்டு. கற்பிக்கிறவரின் கை மெல்ல மெல்ல மாணவர் தாள்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். சொந்தத் தாள் காலியாகவே கிடக்கும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே அதைத் தடுக்க நான் கண்ட வழிகள்தான்.

பள்ளிக்கு முன் 40 நிமிடம்

மாலையில் வரையலாம் என்று நினைக்காதீர்கள். நானும் முதல் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். பள்ளி முடிந்து, பயிற்றுநூல் திருத்தி, சோறு ஆக்கி நிமிர்ந்தால் கண்ணில் பார்வை இருக்கும், பார்க்கும் விருப்பம் இருக்காது. அப்புறம்தான் காலைக்கு மாறினேன். 5 மணிக்கு எழுந்து, 5.20-லிருந்து 6 மணி வரை. பினாங்கில் அந்த நேரம் வெளியே கும்மிருட்டு; சூரியன் தலைகாட்ட ஏழு மணிக்கு மேலாகும். அதனால் அடுப்படி விளக்கின் கீழ் இருந்ததையே வரைந்தேன். எவர்சில்வர் டம்ளர், வெங்காயக் கூடை, கயிற்றில் தொங்கும் துண்டு.

தாள் அஞ்சலட்டை அளவு போதும். பெரிய தாள் எடுத்தால் பயம் வந்துவிடும், நேரமும் போதாது. 4பி பென்சில் ஒன்று, கறுப்பு மையில் ஒரு பேனா. 40 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். நன்றாக வந்துகொண்டிருக்கும்போது நிறுத்துவது கஷ்டம்தான். ஆனால் பாதியில் விட்ட படம் மறுநாள் காலையில் உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும். முடித்த படம் எழுப்பாது. பக்கத்தின் மூலையில் தேதி போடுங்கள். என்னிடம் இப்போது 134 வரைநூல்கள் இருக்கின்றன. அதில் பார்க்கத் தகுந்த பக்கங்கள் குறைவுதான். ஆனாலும் என் ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் எல்லாம் அந்தப் பக்கங்களிலிருந்து வந்தவை.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போங்கள். ஜோர்ஜ் டவுன் தெருக்களில் காலை 8 மணியிலிருந்து 9.30 வரை வெயில் சாய்வாக விழும். கடைவீடுகளின் ஜன்னல் பலகைகள், சுவரில் உரிந்த சுண்ணாம்பு, எல்லாம் அப்போதுதான் எழுந்து நிற்கும். உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் வந்துவிடுவதால் சுவர்கள் தட்டையாகிவிடும். அந்த நேரத்தில் கடைவீடுகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதைக்குள் உட்கார்ந்து, இருட்டிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்து வரையுங்கள். தூண்களின் கறுப்பும் தெருவின் வெள்ளையும் பாதிப் படத்தை உங்களுக்காக வரைந்து வைத்திருக்கும்.

உட்காரும்போது முதுகைச் சுவருக்குக் கொடுங்கள். பின்னால் ஆள் வந்து நின்றால் புதியவர்களின் கை நின்றுவிடும். எந்தக் கடை முன்னால் உட்காருகிறீர்களோ அந்தக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கடல்மேல் தூண்களில் நிற்கும் மரவீட்டுக் குடியிருப்பான சியூ ஜெட்டி போன்ற இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பலகைப் பாதை ஊருக்குக் காட்சி, அங்கே இருப்பவர்களுக்கு வீட்டு வாசல். நீர் வற்றிய நேரத்தில் போனால் தூண்களுக்கு அடியில் சேறு தெரியும். அந்தச் சேற்றின் நிறத்தைப் பிடித்துவிட்டால் பாதிப் பினாங்கைப் பிடித்த மாதிரி.

தாளுக்குச் செலவழியுங்கள்

பெற்றோர் 36 வண்ணப் பெட்டியும் மட்டமான தாளும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும். வண்ணம் ஆறு போதும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், பருத்தியில் செய்ததாக இருக்க வேண்டும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழுந்து, வண்ணம் பள்ளத்தில் தேங்கிவிடும். பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். முழுத் தாள் 56-க்கு 76 சென்டிமீட்டர் இருக்கும். அதை எட்டாக வெட்டினால் 28-க்கு 19 அளவில் எட்டுத் துண்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதச் சனிக்கிழமைகளுக்கு ஒரே தாள் போதும்.

என் ஆறு வண்ணங்கள்: அல்ட்ராமரின் நீலம், பச்சை சாய்ந்த தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா, காவி மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ். கறுப்பு வாங்க வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் மழை மேகம், ஜெட்டிச் சேறு, பழைய ஓடு, கருங்கல், எல்லாச் சாம்பலும் அதற்குள் இருக்கும். நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் சூடாகும். லெபோ லீத்தில் இருக்கும் நீல மாளிகையை வரைய வருகிறவர்கள் அல்ட்ராமரினை அப்படியே அப்பிவிட்டு, பொம்மை வீடு மாதிரி இருக்கிறதே என்று வருந்துவார்கள். அந்தச் சுவர் சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசியது. நீலத்தில் ஒரு துளி சியன்னா விட்டு, தண்ணீர் அதிகம் சேர்த்து, துகள்கள் தாளின் குழிகளில் தானாகப் படியும்படி விட்டால்தான் சுண்ணாம்பு தெரியும்.

ரோஸ் விஷயத்தில் நான் ஒருமுறை தலைகுனிய வேண்டியிருந்தது. மார்க்கெட் ஸ்திரீட் புடவைக் கடையை 1990-களில் ஒரு பளபளக்கும் ரோஸ் வண்ணத்தில் தீட்டி விற்றேன். சில ஆண்டுகள் கழித்து வாங்கியவர் கூப்பிட்டு, "டீச்சர், புடவை எல்லாம் வெள்ளையாப் போச்சே" என்றார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். வேறொரு படம் வரைந்து கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் புது வண்ணத்தையும் சோதிக்காமல் தொடுவதில்லை. ஒரு தாள் துண்டில் கோடு கோடாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்தால் எது நிற்கும், எது ஓடும் என்று தெரிந்துவிடும். குழாயின் மேலேயே நிறமியின் எண் அச்சிட்டிருக்கும். ரோஸுக்கு பிவி 19 என்று இருந்தால் நம்பலாம். அலிசரின் கிரிம்சன் என்று எழுதி பிஆர் 83 என்று இருந்தால் விற்கும் படத்துக்கு வேண்டாம்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தோடு சண்டை போடாதீர்கள். வறண்ட நாடுகளில் எழுதிய நூல்களில் ஐந்து நிமிடத்தில் காயும் என்று இருக்கும். இங்கே மழை நாளில் இருபது நிமிடம் ஆனாலும் காயாது. புறங்கையைத் தாள்மேல் லேசாக வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அடுத்த பூச்சு போடாதீர்கள். அந்த நாட்களை வானத்துக்கும் மலைமேல் படியும் மேகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் ஈரம் விடும் வேலைக்கு இதைவிட நல்ல காற்று எங்கும் கிடைக்காது.

ஆனால் அதே ஈரம்தான் படங்களைத் தின்னும். பழைய வீட்டின் தரைத்தள அறையில், வெளிச்சுவரை ஒட்டி ஒரு மரப்பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் முழுவதும் திறக்கவில்லை. திறந்தபோது வானங்களில் எல்லாம் பழுப்புப் புள்ளி. பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. அழுதேன், அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து எதை வரைந்தேன் என்று மட்டும் குறித்து வைத்துவிட்டு எரித்தேன். நீங்கள் மாடியில் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றுக் காட்டுங்கள். சட்டகம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு இருக்கட்டும். சட்டகத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். செலவு ஒரு வெள்ளிகூட, அதாவது ஒரு ரிங்கிட்கூட, ஆகாது.

முதல் வகுப்பு: சொந்தச் செருப்பு

இனிப் பிள்ளைகளிடம் வருவோம். எந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்தாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை வரைந்துவிடும். தப்பு என்று சொல்லாதீர்கள். "இது எந்த மலைம்மா?" என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்லும். ஜன்னலுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஜோர்ஜ் டவுனில் நிற்கிறவருக்குச் சூரியன் பட்டர்வொர்த் பக்கம், கடலுக்கு அந்தப் புறத்திலிருந்து எழும். பினாங்கு மலைக்குப் பின்னால்தான் இறங்கும். அப்படியானால் நீ வரைந்தது காலையா, மாலையா? ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இந்தக் கேள்விக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டு வந்து, "மாலை, டீச்சர். ஆனா நடுவுல இல்ல, கொம்தார் கோபுரம் பக்கமா இருந்துச்சு" என்றான். அவனுக்கு அதற்கப்புறம் நான் அதிகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதல் வகுப்பில் பழம், பூச்சாடி எல்லாம் வைக்காதீர்கள். எல்லாரும் வாசலில் கழற்றிவிட்ட செருப்பை அவரவர் எடுத்துவந்து முன்னால் வைக்கட்டும். முதல் பத்து நிமிடம் பென்சில் கிடையாது, பார்ப்பது மட்டும். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? கட்டைவிரல் பதிந்த குழி எங்கே? வார் எங்கே நிறம் மாறுகிறது? அப்புறம் இருபது நிமிடம், தாளைப் பார்க்காமல் செருப்பையே பார்த்துக்கொண்டு ஒரே கோட்டில் வரைவது. கோணல் மாணலாகத்தான் வரும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவதாகத் தாளையும் பார்த்து வரைவது. பூச்சாடிக்கு எல்லாப் பிள்ளையும் தெரிந்த வடிவத்தை வரையும். தன் செருப்புக்கு அப்படி ஒரு தயார் வடிவம் அதற்குத் தெரியாது. பார்த்தே தீர வேண்டும்.

இப்போது நான் செய்த பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு இருக்கும். பத்து வயதுப் பெண் ஒருத்தி திரிசா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியை வரைந்துகொண்டிருந்தாள். சக்கரம் முட்டை மாதிரி வந்துவிட்டது. நான் அவள் பென்சிலை வாங்கி, குனிந்து, நாலு கோட்டில் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டேன். அழகான சக்கரம். மணி அடித்ததும் எல்லாரும் படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், அவள் விட்டுவிட்டுப் போனாள். கூப்பிட்டுக் கேட்டேன். "அது நீங்க வரைஞ்சது டீச்சர்" என்றாள். கோபமில்லாமல், எதையோ திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னாள்.

அதிலிருந்து மாணவர் தாளில் நான் கை வைப்பதில்லை. காட்ட வேண்டியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, என் சொந்தக் காகிதத் துண்டில் வரைந்து காட்டுவேன். காட்டி முடித்ததும் அதைக் கிழித்துவிடுவேன், பார்த்து எழுத அது இருக்கக் கூடாது. பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது, கேள்வி போதும். "கண்ணைச் சுருக்கிப் பாரு, எது ரொம்ப இருட்டு?" "ஆரத்தை விடு, ரெண்டு ஆரத்துக்கு நடுவுல இருக்கிற ஓட்டை என்ன வடிவம்?" இரண்டாவது கேள்வி சக்கரத்துக்கு மருந்து. ஓட்டைகளை வரைந்தால் ஆரங்கள் தானாக வந்துவிடும்.

இன்னொன்று, பிள்ளைகள் வரையும் நேரத்தில் நீங்களும் வரையுங்கள். சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தால் கை அரிக்கும். வகுப்பில் 90 நிமிடம் இருந்தால் 25 நிமிடம் நான் என் மேசையில், அதே செருப்பை, அதே கஷ்டத்தோடு வரைந்துகொண்டிருப்பேன். நான் அழிப்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதற்காகவே அழிப்பானை மறைக்காமல் மேசைமேல் வைத்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை. 1988 முதல் 2021-இல் நீக்கப்படும் வரை ஆறாம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு இருந்தது. ஓவியம் அதில் இல்லை. அதனால் ஐந்தாம், ஆறாம் ஆண்டு ஓவியப் பாடவேளைகளைக் கணிதத்துக்குக் கடன் கேட்பார்கள், திரும்பி வராது. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. பிறகு அறிவியல் ஆசிரியையிடம் போய், "இலை, விதை முளைப்பது, இதையெல்லாம் நான் வரையக் கற்றுத்தருகிறேன், அந்த வேளையை எனக்கு விடுங்கள்" என்றேன். பச்சைப் பயறு முளைப்பதை ஏழு நாளும் வரைந்த பிள்ளைகள் அறிவியலிலும் எழுதினார்கள், எனக்கும் வேளை கிடைத்தது. தேர்வு போய்விட்டாலும் கடன் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்று இளம் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழியைச் சொல்கிறேன்.

பெற்றோர் வந்து, "வண்ணம் தீட்டும் போட்டிக்குத் தயார் பண்ணுங்க டீச்சர்" என்பார்கள். மறுக்காதீர்கள், பிள்ளையின் படங்களைச் சேர்த்துவைத்த கோப்பு ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி இருக்க வேண்டும். முதல் வாரத்துச் செருப்பையும் பத்தாவது வாரத்துச் செருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போட்டியில் கிடைக்கும் வெற்றிக் கோப்பையின் மதிப்பு அவர்களுக்குள்ளேயே குறைந்துவிடும்.

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. மாநில அருங்காட்சியகக் கலைக்கூடத்துக்கும், கோலாலம்பூர் போனால் 1958-இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்துக்கும் பிள்ளையோடு போகச் சொல்வேன். நம் ஊர் நீர்வண்ணத்துக்கு வழி போட்ட அப்துல்லா அரிஃப் (1904–1962) பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். ஆயர் ஈத்தாமில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. யோங் முன் சென் (1896–1962) புகைப்பட நிலையம் நடத்திக்கொண்டே வரைந்தார். தமிழ்நாட்டு அழகன்குளத்தில் 1943-இல் பிறந்த சையத் தாஜுதீன் மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் படித்து, மலேசியாவில் இராமாயணத்தைப் பெரிய பெரிய திரைச்சீலைகளில் தீட்டினார். இவர்கள் படங்களின் முன்னால் பிள்ளையைப் பத்து நிமிடம் பென்சிலோடு உட்கார வையுங்கள். வண்ணம் வேண்டாம், இருட்டும் வெளிச்சமும் எங்கே பிரிகின்றன என்பதை மட்டும் குறிக்கட்டும்.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வண்ணத்துக்கும் தாளுக்கும் பள்ளிச் சம்பளம்தான் காசு கொடுத்தது. படம் விற்ற காசு சட்டகத்துக்குப் போதும், சில ஆண்டுகள் அதற்கும் போதாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படம் விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும் என்ற நிலை இல்லாததால் எனக்குப் பிடித்ததை வரைய முடிந்தது.

விலையைப் பரப்பளவுக்குக் கணக்கிடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 30 சென் என்று வைத்தால், 28-க்கு 38 படம் 1,064 சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய 320 வெள்ளி. சட்டகம் தனி. எல்லாருக்கும் அதே கணக்கு. உறவினருக்குக் குறைக்காதீர்கள், கொடுக்க ஆசையாக இருந்தால் சிறியதாக ஒன்று வரைந்து பரிசாகவே கொடுத்துவிடுங்கள்.

ஒரு வணிகரிடம் வாய்ப்பேச்சை நம்பி மூன்று படம் விட்டேன். கடை மூடியது, ஆள் கிடைக்கவில்லை, படமும் கிடைக்கவில்லை. எங்கே படம் கொடுத்தாலும் ஒரு தாளில் அளவு, தலைப்பு, விலை, அவர் பங்கு எத்தனை விழுக்காடு, எந்தத் தேதிக்குத் திரும்பும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். படத்தைப் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

வகுப்புக் கட்டணத்தை மாத முதலில் வாங்குங்கள், அதுவும் உறையில் போட்டு. கொடுக்க முடியாத பிள்ளையும் அதே மாதிரி ஓர் உறை கொண்டுவரட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கும் அந்தத் தாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

கை நடுங்கும்போது

மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவை செய்துகொண்டேன். கட்டு அவிழ்த்த அன்று என் தாளின் வெள்ளையைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். இத்தனை நாள் அது எனக்குப் பாலாடை நிறமாகத் தெரிந்திருக்கிறது. வயதாகும் ஓவியர்களுக்கு ஒன்று சொல்வேன்: தட்டில் வண்ணங்களை வைக்கும் வரிசையை இப்போதே முடிவு செய்து, மாற்றாதீர்கள். கண் மங்கினாலும் கைக்கு இடம் தெரியும்.

கை நடுங்கவும் தொடங்கியிருக்கிறது. அதற்கு என்னிடம் அப்பாவின் பிரம்பு இருக்கிறது. அப்பா கடைப் பெயர்ப்பலகை எழுதியவர். எனாமல் வண்ணத்தில், ஏணியில் நின்றுகொண்டு, 'ழ'வின் சுழியை ஒரே இழுப்பில் போடுவார். இடது கையில் இந்தப் பிரம்பு இருக்கும், அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொள்வார். நான் இதை முதன்முதலில் பள்ளிக்கு எடுத்துப் போனபோது முன்வரிசைப் பிள்ளைகள் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிரம்பு என்றால் அடி. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அதன்மேல் மணிக்கட்டை வைத்து ஒரு நேர்கோடு போடச் சொன்னேன். அந்த வகுப்பு முடியும் வரை வரிசை கலையவில்லை.

நீங்களும் செய்துகொள்ளலாம். 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு, சுண்டுவிரல் கனத்தில் நேரான பிரம்பு ஒன்று எடுங்கள். ஒரு நுனியில் எலுமிச்சை அளவுக்குப் பஞ்சு வைத்து, அதைப் பழைய வேட்டித் துணியால் மூடி, நூலால் இறுகக் கட்டுங்கள். அந்த உருண்டையைப் பலகையின் விளிம்பில் ஊன்ற வேண்டும், ஈரமான வண்ணத்தின்மேல் வைக்கக் கூடாது. மறுமுனையை இடது கையில் பிடியுங்கள். வலது மணிக்கட்டு பிரம்பின்மேல் நிற்காமல் வழுக்கிப் போக வேண்டும். சிக்கினால் பிரம்பை உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் மெழுகு பூசுங்கள். துணியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதில் மணல் ஒட்டியிருந்தால் பலகையில் கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறல் ஒவ்வொரு தாளிலும் தெரியும்.